ஈரம் சொல்லும் வழி: வாசகர் கேள்வி பதில்

நார்ப் பயிர்களின் கழிவிலிருந்து எரிபொருளும் மின்சாரமும் எடுப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுகிறேன். பருத்தி, சணல், நார்க் கற்றாழை (சிசல்), ஆளி, தென்னை என எதை எடுத்தாலும், நாருக்காக நாம் கொண்டுவந்து கொட்டும் பயிரில் பெரும்பகுதி நார் இல்லை. அந்தப் பெரும்பகுதியோடுதான் என் 26 ஆண்டு வேலை. முதல் பாதி கொதிகலன் அறையில் போனது, பிற்பாதி எரிவாயுத் தொட்டிகளோடு.

கேள்வி: பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இலைச்சருகு, காய்த்தோடு, குச்சி, தூசி என்று பருவம் முழுக்கக் கழிவு குவிகிறது. தொட்டியில் ஊறவைத்து எரிவாயு எடுக்கலாமா? அல்லது எரிப்பதுதான் நல்லதா?

பதில்: எரியுங்கள்.

கழிவை ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் அது எரிவாயுத் தொட்டியில் வாழும் நுண்ணுயிருக்குத் தீனி. கசியாமல் நொறுங்கினால் நெருப்புக்குத் தீனி. எந்த ஆலைக்குப் போனாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். கருவிகளெல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கு எளியது. நன்றாகக் காய்ந்த தாவரப் பொருள் ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 17 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.5 மெகாஜூல் போய்விடும். கற்றாழை மடலை உரித்தபின் மிஞ்சும் பச்சைச் சக்கையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவில் 880 கிராம் நீர், 120 கிராம் மட்டுமே உலர்பொருள். அந்த 120 கிராம் தரக்கூடிய வெப்பம் 2 மெகாஜூல். கூடவே இருக்கும் நீரை விரட்ட ஆகும் வெப்பம் 2.2 மெகாஜூல். எரித்தால் கையிலிருப்பதும் போய்விடும். உங்கள் ஜின்னிங் கழிவு இதற்கு நேர் எதிர். அதில் ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில்தான் இருக்கும், கிலோவுக்கு 15 மெகாஜூல் வரை தரும். அதைத் தண்ணீரில் ஊறவைப்பது காய்ந்த விறகைக் குளத்தில் போடுவதற்குச் சமம். மேலும், குச்சியிலும் தோட்டிலும் லிக்னின், அதாவது தாவரத்துக்கு மரத்தன்மை தரும் பொருள், அதிகம். காற்றில்லாத தொட்டியில் வாழும் நுண்ணுயிர்களால் லிக்னினைக் கடிக்க முடியாது.

எரித்த வெப்பத்தை என்ன செய்வது? பருத்தி ஈரமாக வரும் நாட்களில் உலர்த்த வெப்பம் வேண்டும், அங்கிருந்து தொடங்குங்கள். பஞ்சோடு வரும் பருத்தியில் மூன்றில் இரண்டு பங்கு எடை கொட்டைதான். அதனால் பல இடங்களில் எண்ணெய் ஆலை பக்கத்திலேயே இருக்கும். கொட்டையை வேகவைக்க அவர்களுக்கு நீராவி வேண்டும். ஜின்னிங் பருவம் முடிந்த பிறகும் கழிவு விற்க ஓர் இடம் உண்டென்றால் அது பெரும்பாலும் அதுதான்.

சாம்பலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நல்ல விறகில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்கு. ஜின்னிங் கழிவில் பத்துப் பங்கு வரை வரும், மண் சேர்ந்து வந்தால் அதற்கும் மேல். அதிலுள்ள பொட்டாசியம் சாம்பலைக் குறைந்த சூட்டிலேயே உருக வைக்கிறது. உருகியது தட்டியின் மேல் கண்ணாடிபோல் இறுகி, காற்று போகும் துளைகளை அடைத்துவிடும். என் முதல் ஆலையில் விடியற்காலை ஷிஃப்டுக்கு வருகிறவர்களின் முதல் வேலை, கடப்பாரையால் அந்தக் கட்டியை உடைப்பதுதான். கழிவைச் சல்லடையில் ஓட்டி மண்ணை உதிர்த்த பிறகு அனுப்பினோம், அடுப்பின் சூட்டையும் ஒரு வரம்புக்குள் வைத்தோம். கடப்பாரை மூலைக்குப் போனது. சல்லடைக்குச் செலவு செய்ய முதலாளிகள் தயங்குவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: சென்ற இதழில் "மின்சாரத்தைக் கடைசியாக யோசியுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். மின்சாரம்தானே விலைமதிப்பு மிக்கது? ஏன் இந்தப் பிடிவாதம்?

பதில்: மதிப்பு மிக்கது என்பதில் எனக்கும் ஐயமில்லை. அதற்கு நாம் கொடுக்கும் விலையைத்தான் பார்க்கச் சொல்கிறேன். ஒழுங்கான கொதிகலன், கழிவில் உள்ள ஆற்றலில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் நீராவியில் சேர்த்துவிடும். அதே நீராவியைச் சிறிய டர்பைனுக்கு அனுப்பினால் பத்து, பதினைந்து பங்குதான் மின்சாரமாகத் தேறும். மிச்சம் வெந்நீராகவும் ஆவியாகவும் வெளியே போகும். சாயப்பட்டறைக்கும், நூலுக்குக் கஞ்சி போடும் பிரிவுக்கும், உலர்த்தும் அறைக்கும் வேண்டியது வெப்பம். அந்த வெப்பத்துக்கு எண்ணெயோ நிலக்கரியோ எரித்துக்கொண்டு, கழிவை மின்சாரமாக்கிக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வெப்பத் தேவை தீர்ந்து கழிவு மிஞ்சினால் மின்சாரத்துக்குப் போகலாம். இரண்டையும் ஒன்றாக எடுக்கும் அளவுக்கு ஆலை பெரிதென்றால் இன்னும் நல்லது.

கேள்வி: கற்றாழை நார் உரிக்கும் சிறிய கூடம் வைத்திருக்கிறோம். சக்கையும் சாறும் வாய்க்காலில் போய்த் தேங்கி நாறுகிறது. எரிவாயு எடுக்க முடியும் என்கிறார்கள். அனுபவம் உண்டா அம்மா?

பதில்: உண்டு. பட்டுத் தெரிந்துகொண்ட அனுபவம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நார்ப் பயிர்களிலேயே கழிவு விகிதம் மிக அதிகமானவற்றில் கற்றாழையும் ஒன்று. பச்சை மடலின் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில்தான் நாராகிறது. ஒரு டன் நாருக்கு இருபத்தைந்து டன் மடல் வெட்ட வேண்டும். மிச்சமெல்லாம் நீங்கள் சொல்லும் அந்த வாய்க்காலில்தான். அது அங்கே கிடந்து அழுகும்போது மீத்தேன் எழும்பி வானத்துக்குப் போகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன், கார்பன் டையாக்ஸைடைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆகவே உங்கள் வாய்க்காலை மூடுவதே ஒரு நன்மை, எரிவாயு அதற்கு மேல்.

கற்றாழைச் சக்கையிலிருந்து மின்சாரம் எடுத்த முன்னோடி இடம் தான்சானியாவில் தாங்கா பகுதியிலுள்ள ஹாலே தோட்டம். 2000களின் பிற்பாதியில் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பின் துணையோடு 150 கிலோவாட் நிலையம் அங்கே அமைந்தது. உரித்த சக்கை நேராகத் தொட்டிக்கு, தொட்டியின் வாயு எஞ்சினுக்கு, மின்சாரம் மறுபடி உரிக்கும் இயந்திரத்துக்கு. இந்தச் சுழற்சியைத்தான் உங்கள் கூடத்திலும் சிறிய அளவில் செய்யப் போகிறீர்கள்.

எதிர்பார்ப்புக்கு ஒரு கணக்கு. ஒரு டன் பச்சைச் சக்கையில் செரிக்கக்கூடிய கரிமப் பொருள் 100 கிலோ அளவில் இருக்கும். அதிலிருந்து 20 கன மீட்டர் மீத்தேன் எடுக்கலாம். எஞ்சினில் விட்டால் 60 யூனிட் மின்சாரம், அடுப்பில் விட்டால் 200 யூனிட்டுக்கு ஈடான வெப்பம். இது நன்றாக நடக்கும் தொட்டிக்கான கணக்கு. கழுவும் நீரை அளவில்லாமல் விட்டுச் சக்கையை நீர்க்கச் செய்தால் தொட்டி பெரிதாகும், வாயு கூடாது.

இனி என் கதை. முதல் கற்றாழைத் தொட்டியைப் புளிக்க வைத்தது நானேதான். நான்காவது வாரம் சுடர் நீலமாக நின்றது. சக்கை மலைபோல் குவிந்திருந்தது. தீனியை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினேன். மூன்றாம் நாள் சுடர் வெளிறிப் பர்னரை விட்டு எழும்பி அணைந்தது. மூடியருகே கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5.8 (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). நடந்தது இதுதான்: கற்றாழைச் சாறு இயல்பிலேயே புளிப்பு. சர்க்கரையை அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகுகிறவை. அமிலத்தை மீத்தேனாக்குகிறவை மெதுவானவை. தீனியை ஏற்றினால் முதல் கூட்டம் ஓடிவிடும், இரண்டாம் கூட்டம் பின்தங்கி, தேங்கிய அமிலத்திலேயே செத்துப்போகும். தீனியை முழுக்க நிறுத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு கலந்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாணத் தொட்டியிலிருந்து ஊறல், அதாவது செரித்த கரைசல், கொண்டுவந்து ஊற்றினேன். சுடர் திரும்ப 19 நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வாரத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் தீனியைக் கூட்டுவதில்லை, பி.எச். 6.8க்குக் கீழே போனால் அன்றைக்குத் தீனி இல்லை.

இரண்டாவது தொல்லை குட்டை நார். உரிக்கும்போது தப்பிப்போன நார்த்துண்டுகள் மிதந்து, பின்னிப் பிணைந்து, மெத்தைபோல் மேலே படரும். அதன் கீழே வாயு சிக்கிக்கொள்ளும். எங்கள் தொட்டியில் அந்த மெத்தை ஒரு முழம் கனம் இருந்தது. வாய்க்காலிலேயே கம்பிச் சல்லடை வைத்துக் குட்டை நாரை அள்ளிவிடுங்கள். காய வைத்தால் அதற்கும் விலை உண்டு. அள்ள முடியாத நாரைத் தொட்டிக்குள் விடத்தான் வேண்டுமென்றால் பொடியாக நறுக்குங்கள். தான்சானிய ஆய்வாளர்கள் கற்றாழை நார்க்கழிவை 2 மில்லி மீட்டர் அளவுக்கு நறுக்கிப் பார்த்தபோது, நறுக்காததைவிட மீத்தேன் ஏறத்தாழ நூற்றுக்கு 23 பங்கு கூடியது. அவர்களே சக்கையோடு மீன் கழிவைக் கலந்தும் பார்த்தார்கள். தனித்தனியே செரித்ததைவிட மீத்தேன் பாதிக்கு மேல் கூடியது. சக்கையில் நைட்ரஜன் குறைவு, மீனில் நிறைய. உங்களிடம் மீன் இல்லையென்றால் மாட்டுச் சாணமோ கோழி எச்சமோ அந்த வேலையைச் செய்யும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்த நார் மெத்தையை அகற்ற யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது, தலையை உள்ளே நீட்டவும் கூடாது. தொட்டியில் உண்டாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாகும்போது மூக்கு அதன் நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நொடியில்தான் ஆள் விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். நீளமான கொக்கி வைத்து வெளியிலிருந்தே இழுங்கள்.

கேள்வி: தென்னை நார்த் தொழிற்சாலையில் மலைபோல் சோறு (மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் மிஞ்சும் தூள்) கிடக்கிறது. பிரிக்கெட் கட்டியாக அழுத்தி எரிபொருளாக விற்கலாம் என்று ஒரு யோசனை.

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. மட்டையின் எடையில் நார் ஒரு பங்கென்றால் சோறு இரண்டு பங்கு. அது தன் எடையைப் போல் எட்டு மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தக் குணம் அடுப்புக்குப் பகை. உலர்த்தவே பாதி ஆற்றல் போய்விடும். வெயிலில் காய வைத்தாலும் ஒரு மழை எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும். அதிலுள்ள பொட்டாசியமும் குளோரினும் கொதிகலன் குழாய்களை அரிக்கும். லிக்னின் மிகுதியால் எரிவாயுத் தொட்டிக்கும் உதவாது.

ஆனால் அடுப்புக்குப் பகையான அதே குணம் வேருக்கு உறவு. உப்பைக் கழுவி நீக்கினால் நாற்றங்காலுக்கும் தொட்டிச் செடிக்கும் இதைவிட நல்ல ஊடகம் குறைவு. கார்பன்–நைட்ரஜன் விகிதம் நூறுக்கு மேல், அதாவது கார்பனோடு ஒப்பிட நைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் அப்படியே வயலில் போடக் கூடாது. சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்துப் பிறகு போடலாம். எரிக்கக்கூடியது எல்லாவற்றையும் எரித்தே ஆக வேண்டும் என்றில்லை. சோற்றை எரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

கேள்வி: நூற்பாலையில் கழிவுப் பஞ்சைத் தட்டிச் சுத்தம் செய்யும்போது வரும் தூசியும் எரிக்க வேண்டியதுதானா?

பதில்: பிழிந்து பார்க்கும் விதிக்கு விலக்கு இது. காய்ந்துதான் இருக்கும், ஆனாலும் எரிக்காதீர்கள். அது சன்னமான செல்லுலோஸ் தூசி. காற்றில் பரவி நிற்கும்போது பொறி பட்டால் குப்பென்று பற்றும். நுண்ணுயிருக்கோ நல்ல உணவு, ஏனென்றால் பஞ்சு நாரில் செல்லுலோஸ் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல், லிக்னின் மிகக் குறைவு. மும்பையிலுள்ள மத்திய பருத்தி தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தூசியிலிருந்து எரிவாயு எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. ஈரப்படுத்தி, சாண ஊறல் கலந்து, மூடிய கலனில் வைக்க வேண்டும். அள்ளுகிறவர்களுக்கு முகக்கவசம் கட்டாயம். பஞ்சுத் தூசி பல ஆண்டுகள் நெஞ்சில் இறங்கினால் மூச்சு திரும்பாது.

கேள்வி: சணல் தட்டையை எரிபொருளாகக் கொண்டு ஓடும் கேசிஃபையர் வாங்கினோம். முதல் வாரம் நன்றாக ஓடியது. இப்போது எஞ்சின் திணறி நிற்கிறது, குழாயெல்லாம் கறுப்புப் பிசின். விற்றவர்கள் வந்து பார்க்கவில்லை.

பதில்: பிசின் என்பது தார். கேசிஃபையரில் தட்டை முழுதாக எரிவதில்லை. காற்றைக் குறைத்து விட்டுப் புகைய வைக்கிறோம். அந்தப் புகை 1,000 டிகிரிக்கு அருகில் கனலும் கரிப்படுகையின் ஊடாகப் போகும்போது உடைந்து கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனும் ஆகிறது. படுகையில் எங்காவது சூடு குறைந்தால் அவ்விடத்துப் புகை உடையாமல் தப்பி, குழாயில் குளிர்ந்து பிசினாகும். ஆகவே பிசினைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, சூடு ஏன் குறைந்தது என்று தேடுங்கள்.

இரண்டு இடங்களில் தேடுங்கள். முதலில் ஈரம். ஈரப்பதம் நூற்றுக்கு 15க்குள் இருக்க வேண்டும். முதல் வாரம் ஓடியது கோடையில் காய்ந்த தட்டை, இப்போது போடுவது புதிது என்றால் விடை கிடைத்துவிட்டது. அடுத்து, பாலம். சணல் தட்டை நாரைப் போல் இரண்டு மடங்கு எடைக்குக் கிடைக்கும் நல்ல எரிபொருள், ஆனால் உள்ளே மென்மையான சோற்றியோடு எடையில் இலேசாக இருக்கும். நீளமாகப் போட்டால் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கிப் பாலம் கட்டிக்கொள்ளும். மேலே நிரம்பியிருக்கும், கீழே படுகை காலியாகிக் குளிர்ந்து போகும். ஒரு பருத்தி ஆலையில் இதே தொல்லையை ஐந்து நாள் தேடினேன். குச்சியோடு ஒட்டிக்கொண்டு வந்த பஞ்சுதான் பாலத்துக்குக் கயிறாக இருந்தது. தட்டையை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்குங்கள், நார்ச் சிம்புகளைத் தட்டி உதிருங்கள், அரை மணிக்கு ஒருமுறை கம்பியால் அசைத்துவிடுங்கள்.

ஒரு கிலோ காய்ந்த தட்டைக்கு ஏறத்தாழ 2.5 கன மீட்டர் வாயு வரும். அதில் பாதி நைட்ரஜன். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றேகால் கிலோ அளவில் தட்டை செலவாகும். உங்கள் செலவு இரண்டு கிலோவுக்கு மேலே போகிறதென்றால் எங்கோ காற்று கசிகிறது. கசிவைச் சும்மா விடாதீர்கள். இந்த வாயுவிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு ஆளைக் கொல்லும் நஞ்சு, அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கேசிஃபையரை மூடிய கொட்டகையில் வைத்திருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் சுவரைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: சணல் ஊறவைத்த குளத்தில் குமிழி குமிழியாக வாயு வருகிறது. அதைப் பிடிக்க முடியாதா?

பதில்: அந்தக் குமிழியில் மீத்தேன் உண்டு. நீங்கள் பார்த்தது சரி. நாரைப் பிணைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் தின்று கரைப்பதுதான் ஊறவைத்தல். அது எரிவாயுத் தொட்டியில் நடப்பதன் ஒரு பாதி. ஆனால் விரிந்த குளத்தை மூடி அந்த நீர்த்த வாயுவைப் பிடிப்பது வீண் பாடு. பட்டையை மட்டும் உரித்துத் தொட்டியில் ஊறவைக்கும் முறைக்கு மாறினால் நீர் வெகுவாகக் குறையும், அழுக்கு அடர்ந்து சேரும். அந்த நீரைக் கீழிருந்து மேலாக, அடியில் தங்கியிருக்கும் நுண்ணுயிர்ச் சேற்றுப் படுகையின் வழியே செலுத்தி வாயு எடுக்கலாம். 1970களில் நெதர்லாந்தின் வாகெனிங்கனில் ஆய்வாளர் காட்சே லெட்டிங்கா உருவாக்கிய முறை இது. கெட்டித் தீனிக்கு ஆகாது, கரைந்த அழுக்குள்ள நீருக்குத்தான் ஏற்றது.

கேள்வி: ஆளி நார், சணப்பை போன்றவற்றின் உள்தட்டைத் துணுக்குகளைப் பற்றி எழுதுங்கள்.

பதில்: அடுப்புக்கு மிக நல்லவை. காய்ந்தவை, சாம்பல் குறைவு. ஆனால் பெல்ஜியத்தில் ஆளித் தட்டைத் துணுக்கை அழுத்திப் பலகை செய்வது பழைய தொழில். சுண்ணாம்போடு கலந்து சுவர் எழுப்புகிறார்கள், கால்நடைக்குப் படுக்கையாக விரிக்கிறார்கள். பலகையாகப் பல ஆண்டுகள் உழைத்துவிட்டுக் கடைசியில் அடுப்புக்கு வரட்டும். பலகைக்கு ஆகாத தூசியை இப்போதே எரிக்கலாம்.

கேள்வி: பருத்திமாரையெல்லாம் (பஞ்சு எடுத்தபின் வயலில் நிற்கும் செடியை) பிரிக்கெட் ஆலைக்கு விற்றுவிடுகிறோம். "மண்ணைக் கொள்ளை கொடுக்கிறாய்" என்று என் மாமியார் சொல்கிறார். அவர் சொல்வது சரியா அக்கா?

பதில்: பாதிக்கு மேல் சரி. உங்கள் மாமியாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆலையில் சேரும் கழிவு வேறு, வயலில் நிற்கும் மார் வேறு. ஆலைக் கழிவு ஏற்கெனவே மண்ணைவிட்டு வந்துவிட்டது, அதை எரிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. மாரை எடுக்கும்போது மண்ணுக்குப் போக வேண்டிய கரிமத்தை எடுக்கிறோம். ஆனால் மாரை அப்படியே நிற்கவிடுவதும் தவறு. அதில் ஒட்டியிருக்கும் காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கி அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். கொளுத்திவிடுவது எல்லாவற்றையும்விட மோசம், வெப்பமும் வீண், புகையும் மிச்சம்.

நான் சொல்லும் வழி இது. தடித்த தண்டை விற்றுவிடுங்கள். இலை, சிறு கிளைகளைத் துணுக்காக்கி வயலிலேயே மடக்கி உழுங்கள். புழு இருந்த காய்களைத் தனியே அழித்துவிடுங்கள். பிரிக்கெட் ஆலையோடு பேசும்போது, மாரை வாங்குகிறவர் சாம்பலைத் திருப்பித் தர வேண்டும் என்று கேளுங்கள். சிரிப்பார்கள், விடாமல் கேளுங்கள். சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் திரும்பும். நைட்ரஜன் புகைபோக்கி வழியே போய்விட்டது, அது திரும்பாது. அதற்குப் பயறு விதைக்க வேண்டும். எரிவாயுத் தொட்டியின் பெருமை இங்கேதான். அது கார்பனில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு நைட்ரஜனை ஊறலிலேயே விட்டுவைக்கும். ஊறல் வயலுக்குப் போகாத எரிவாயுத் தொட்டியைப் பாதி வேலை செய்த தொட்டியாகவே எண்ணுகிறேன்.

கேள்வி: குவித்து வைத்த கழிவு தானாகவே பற்றி எரிந்தது என்று எங்கள் ஆலையில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்புங்கள். ஈரக் குவியலில் நுண்ணுயிர்கள் சூட்டைக் கிளப்பும். உள்ளே சிக்கிய சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். ஆள் உயரத்துக்கு மேல் குவிக்காதீர்கள். ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகி வைத்து, காலையில் உருவிப் பிடித்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் அன்றைக்கே பிரித்துப் பரப்பிவிடுங்கள்.

கேள்வி: சிறிய நார்க்கூடம் நடத்தும் மகளிர் குழு நாங்கள். எங்கள் கழிவு அவரவர் சொல்வதுபோல் எரிவாயுத் தொட்டிக்குப் போதுமா, எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தராசிலிருந்து. தொட்டி விற்பவரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு மாதம் எடை போடுங்கள். நான் பார்த்த பழுதான தொட்டிகளில் பெரும்பாலானவை கசிவால் பழுதாகவில்லை. இல்லாத கழிவை நம்பிப் பெரிதாகக் கட்டியதால் பட்டினி கிடந்து செத்தவை.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். அன்று உரித்த மடல் எத்தனை கிலோ, மிஞ்சிய சக்கை எத்தனை கிலோ, கழுவ விட்ட நீர் எத்தனை குடம், அன்று அடுப்புக்கும் மோட்டாருக்கும் ஆன எரிபொருள் எவ்வளவு. வேலை நடக்காத நாளையும் விடாமல் சுழியம் என்று எழுதுங்கள். தொட்டிக்கு நாளும் பசிக்கும், உங்கள் கூடமோ நாளும் ஓடாது. அந்தச் சுழியங்கள்தான் தொட்டியின் அளவைத் தீர்மானிக்கும். வாரத்தில் ஒருநாள் ஒரு கிலோ சக்கையைத் தனியே எடுத்து, மொறுமொறுவென்று ஆகும்வரை காய வைத்து மறுபடி எடை போட்டுக் குறித்துவையுங்கள்.

முப்பது நாள் ஆனதும் அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். தொட்டியின் அளவை நானே கணக்கிட்டுத் தருகிறேன்.